கால் வெந்த பிறகு வரி வரியாகப் படித்த பாலிசி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் வார்ப்பாலை இருக்கிறது. 500 கிலோ இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (கரண்டில் இரும்பை உருக்கும் உலை) இரண்டு, மண் மிக்சர், வார்ப்பை மண்ணிலிருந்து உதறி எடுக்கும் நாக் அவுட், பிசிறு தேய்த்து எடுக்கும் ஃபெட்லிங் ஷெட், அவ்வளவுதான். பம்ப் உடல், வால்வு மூடி, மோட்டார் உறை என்று வார்ப்பிரும்பில் ஊற்றிக் கொடுக்கிறோம். அப்பா ஆரம்பித்தது. சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. (அரசுத் தொழிலாளர் காப்பீடு), இன்சூரன்ஸ் எல்லாம் 11 வருடமாக என் மேஜையில்தான். 2023 பிப்ரவரியில் முதன்முதலாகத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்தோம். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கிற பாலிசி இது. மூன்று வருடம் பிரீமியம் கட்டி, ஒரு முறை க்ளைமும் வாங்கிய பிறகு எழுதுகிறேன். எங்கள் அளவில் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது உதவும்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த பாலிசியை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் விற்கிறார்கள். நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம், யார் மூலமாக எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

"எல்லாருக்கும்தான் இ.எஸ்.ஐ. பிடிக்கிறோமே, இது வேறு எதற்கு?" என்று அப்பாவே கேட்டார். பேட்டையில் பலரும் கேட்கிறார்கள். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அதை 15 ஆயிரத்திலிருந்து 21 ஆயிரமாக்கினார்கள். அதற்குள் இருப்பவருக்கு வேலையில் அடிபட்டால் வைத்தியம் முழுவதும் இ.எஸ்.ஐ. பொறுப்பு, லீவு நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் வரும். முதலாளி தனியாக இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் 21 ஆயிரத்தைத் தாண்டிவிட்டவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. அவருக்கு என்ன நடந்தாலும், அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி நம் கையிலிருந்துதான் கொடுத்தாக வேண்டியிருந்தது.

வார்ப்பாலையில் யார் 21 ஆயிரத்தைத் தாண்டுகிறார்கள்? மெல்ட்டிங் மேஸ்திரி, லேடில் (குழம்பை ஏந்தி ஊற்றும் பாத்திரம்) பிடிக்கிறவர், மண் அச்சு செய்யும் பழைய கை மோல்டர், கிரேன் ஓட்டுகிறவர். இரும்புக் குழம்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் அனுபவம் கூடி, சம்பளம் கூடி, இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வருகிறார்கள். எங்களிடம் 34 பேர். அதில் 8 பேர் அப்படி. அந்த எட்டுப் பேருக்காகத்தான் பாலிசி. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தும் வருடத்துக்கு 30 ஆயிரத்துக்குள் முடிந்தது. மாதக் கரண்ட் பில்லோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

முதலில் வந்த ஏஜென்ட் வேறொருவர். சட்டத்தில் 15 ஆயிரத்துக்கு மேல் சம்பளத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதனால் எல்லாருக்கும் 15 ஆயிரம் என்றே எழுதிக் கொடுங்கள், பிரீமியம் குறையும் என்றார். முதல் வருடம் அப்படியே செய்தோம். தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. க்ளைம் வந்தால் கம்பெனி அனுப்பும் சர்வேயர் (இழப்பை மதிப்பிடுகிறவர்) சம்பளப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். நாம் எழுதியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று இருந்தால் பேச்சே அங்கே நின்றுவிடும்.

இரண்டாம் வருடம் மதுரவாயலிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஓர் ஆலோசகரிடம் மாறினோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஃபாரத்தை எடுக்கவே இல்லை. "முதல்ல உள்ள போய்ப் பார்க்கலாமா மேடம்?" என்றார். ஒன்றரை மணி நேரம் நடந்தார். லேடிலை எங்கே சூடு காட்டுகிறீர்கள், அதன் லைனிங் (உள்பூச்சு) யார் போடுகிறார்கள், ஸ்க்ராப் எங்கே கொட்டுகிறீர்கள், ஃபெட்லிங் பையன்கள் உங்கள் ஆட்களா காண்ட்ராக்டர் ஆட்களா என்று கேட்டுக்கொண்டே போனார். மேஸ்திரியிடமும் பேசினார். அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். 38 வயது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15 ஆயிரம்தான். உயிர் போனால் அதில் பாதி, 7,500. அதை அந்த 1923 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் அந்த வயதுக்கு உள்ள எண்ணால், அதாவது 189.56-ஆல் பெருக்க வேண்டும். 14,21,700 ரூபாய். வேலையே செய்ய முடியாத நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம், 9,000-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 17,06,040. ஒரு கண்ணில் மட்டும் பார்வை போனால் அதில் 30 சதவீதம், 5,11,812. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். வயது குறையக் குறைய அந்த எண் கூடும், 30 வயதுக்கு 207.98.

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் பேங்க் பேலன்ஸ் எனக்குத் தெரியும். 14 லட்சம் ஒரே மாதத்தில் எடுத்துக் கொடுக்கிற நிலையில் நாங்கள் எந்த வருடமும் இருந்ததில்லை. அதுவும் ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் தொகையில் பாதி வரைக்கும் அபராதம் போடலாம். அந்த அபராதம் பாலிசியில் சேராது. முதல் வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது கடவுள் புண்ணியம்.

அவர் எழுதிய பாலிசியில் ஓவர்டைம் உட்பட முழுச் சம்பளத்தையும் காட்டினோம். மருத்துவச் செலவை ஒரு தனி இணைப்பாகக் கேட்டு வாங்கச் சொன்னார். 2010-லிருந்து வைத்தியச் செலவு முழுவதையும் முதலாளி தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாலிசியில் நாமாகக் கேட்காவிட்டால் அது வராது. காண்ட்ராக்டர் ஆட்களையும் தனியாக எழுதச் சொன்னார். நான் காதில் வாங்கினேன், ஆனால் வைத்தியச் செலவுக்கு ஆளுக்கு 1 லட்சம் போதும் என்று வரம்பை நான்தான் குறைத்தேன். அது பின்னால் வருகிறது.

இந்த சர்வீஸில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு போன் கால். ஏப்ரல் முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் அவரே கூப்பிடுவார். "மேடம், செப்டம்பர் முடிஞ்சுது. 21 தாண்டினவங்க யாராவது இருக்காங்களா?" இ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலம் ஆறு ஆறு மாதம். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடுவில் சம்பளத்தை உயர்த்தினாலும் அந்தக் காலம் முடியும் வரை அவர் இ.எஸ்.ஐ.யில் இருப்பார். அதற்கடுத்த நாள் வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. இழப்பீடு இல்லை. அந்த ஒரு நாளில்தான் ஆள் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்பார்.

2024 ஜூலையில் எங்கள் இரண்டாவது ஃபர்னஸ் மேஸ்திரிக்கு 20,800-லிருந்து 24,500 ஆக்கினோம். நல்ல உழைப்பாளி, போன வருடமே செய்திருக்க வேண்டியது. அக்டோபர் 1-ஆம் தேதி அவர் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்தார். "இனிமே அம்மாவுக்கு மாத்திரை அங்க வாங்க முடியாதா மேடம்?" என்று கேட்டார். சுகர் மாத்திரை. சம்பளம் உயர்ந்ததில் அவருக்கு வந்த சந்தோஷம் அந்தக் கேள்வியில் கொஞ்சம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். ஆலோசகரின் போன் வந்தது அந்த வாரம்தான். 9-ஆம் தேதி மேஸ்திரியை ஒன்பதாவது ஆளாக பாலிசியில் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்துக்கான சீட்டு) வாங்கினோம்.

ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு நாளாக மழை. ஸ்க்ராப் குவியலுக்கு மேலே ஷீட் இருந்தது, ஆனால் கூரைத் தண்ணீர் வடியும் பக்கம் திறந்துதான் இருந்தது. ஃபர்னஸில் பாதி உருகிய இரும்பு இருக்கும்போது மேலே ஸ்க்ராப் போட்டுக்கொண்டே போவது வழக்கம். பழைய பம்ப் உறை ஒன்று போனது. அதன் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 1,400 டிகிரிக் குழம்புக்குள் ஒரு கை தண்ணீர் மாட்டினால் அது அந்தக் கணமே ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியே வர வழி இல்லை, இரும்பைத் தூக்கி எறிந்துகொண்டுதான் வரும்.

"மேடம், ஃபர்னஸ் துப்பிடுச்சு, மேஸ்திரி கால்ல" என்று பையன் ஓடி வந்தான்.

முகத்தில் ஷீல்டு இருந்தது. உடம்பில் காட்டன் சட்டை, லெதர் ஏப்ரன். எல்லாம் தப்பித்தது. வலது கால் ஷூவின் நாக்குப் பக்கம், லேஸ் கட்டும் இடைவெளியில், எலுமிச்சங்காய் அளவு குழம்பு உள்ளே இறங்கிவிட்டது. ஷூவைக் கழற்ற வேண்டும். லேஸ் இரட்டை முடிச்சு. சூட்டில் நைலான் லேஸ் உருகி ஒட்டிக்கொண்டது. கத்தி தேடி, வெட்டி, கழற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கத்தின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒருவர் டூத் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார், தடுத்துவிட்டேன். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பாதத்தின் மேல்பக்கம் ஆழமாக வெந்திருந்தது, தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. விரல் எதுவும் போகவில்லை.

க்ளைம் எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். அன்று இரவே போனில் தகவல், மறுநாள் காலை மெயில். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் விபத்து அறிக்கை போக வேண்டும், அதையும் அனுப்பினோம். அதன் நகலைப் பின்னால் கம்பெனியும் கேட்டது. திங்கட்கிழமை சர்வேயர் வந்தார். வெட்டிக் கழற்றிய ஷூவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். ஸ்க்ராப் குவியலைப் பார்த்தார். சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, அக்டோபர் எண்டார்ஸ்மென்ட். அந்த எண்டார்ஸ்மென்ட் தேதியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். ஐந்து வாரம் முந்தியது என்று உறுதியானதும் பேனாவை மூடினார். அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

குறை கம்பெனி ஆபீஸில். ஒரே சம்பளப் பதிவேட்டை மூன்று முறை கேட்டார்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வயது 39 என்று இருக்கிறது, ஆதாரில் 38 என்று இருக்கிறது என்று பத்து நாள் ஓடியது. மேஸ்திரி 52 நாள் ஓய்வு முடிந்து ஜனவரி 6-ஆம் தேதி வேலைக்கே திரும்பிவிட்டார். பணம் வந்தது மார்ச் மூன்றாவது வாரம். நடுவில் ஆலோசகர் மட்டும் நாலு தடவை அந்த ஆபீஸுக்கு நேரில் போனார். அவர் இல்லாமல் இருந்தால் நான் சோர்ந்து விட்டிருப்பேன்.

வந்த தொகை எவ்வளவு என்பதுதான் எல்லாரும் கேட்பது. ஆஸ்பத்திரி பில் 1,84,000. நான் குறைத்து வைத்த வரம்பு 1 லட்சம், அதனால் 1 லட்சம்தான் வந்தது. மீதி 84 ஆயிரம் எங்கள் கை. லீவு நாட்களுக்குச் சட்டப்படி 15 நாளுக்கு ஒரு முறை 15 ஆயிரத்தில் 25 சதவீதம், 3,750 ரூபாய். 52 நாளுக்கு 13 ஆயிரம். அவருக்கு அந்த நாட்களில் வர வேண்டிய முழுச் சம்பளம் 42 ஆயிரத்துக்கு மேல். மிச்சம் 29 ஆயிரத்துச் சொச்சத்தை நாங்கள் போட்டு முழுச் சம்பளமாகக் கொடுத்தோம். கால் வெந்தது எங்கள் ஷெட்டில், தண்ணீர் ஒழுகியது எங்கள் கூரையில். அரைகுறைச் சம்பளத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது.

இதை பாலிசியின் குறை என்று சொல்ல மாட்டேன். சட்டம் நம் தலையில் வைக்கிற பாரத்தைத்தான் பாலிசி தூக்கும். சட்டத்தின் கணக்கு 15 ஆயிரத்தோடு நிற்கிறது. அதே ஷிப்டில் பக்கத்தில் நின்ற 19 ஆயிரம் சம்பளப் பையனுக்கு இது நடந்திருந்தால் இ.எஸ்.ஐ.யில் 90 சதவீதம் கிடைத்திருக்கும், வைத்தியமும் முழுசாக. சம்பளம் உயர்ந்தவருக்குப் பாதுகாப்பு குறைகிறது. எனக்கு இதில் சமாதானமே ஆகவில்லை. இப்போது ஒன்பது குடும்பத்துக்கும் குரூப் மெடிக்ளைம் தனியாக எடுத்திருக்கிறோம். மேஸ்திரியின் அம்மா பெயரும் அதில் இருக்கிறது. பாலிசியில் வைத்தியச் செலவு வரம்பை 3 லட்சமாக்கியாயிற்று. பிரீமியம் கூடியது ஒரு டீச் செலவு அளவுதான், அதைப் பார்த்தபோது முன்பே செய்யாமல் போனது ரொம்ப வலித்தது.

ஷூ. இதற்கும் விமர்சனம் எழுதியே ஆக வேண்டும். நாங்கள் வாங்கியிருந்தது நல்ல ஷூதான், இரும்பு முனை, ஐ.எஸ். 15298 முத்திரை எல்லாம் இருந்தது. ஆனால் இன்ஜினியரிங் பட்டறைக்கான ஷூ அது, வார்ப்பாலைக்கு ஆகாது. குழம்பு இறங்கினால் ஒரே உதறலில் காலை விட்டுப் போகிற ஷூதான் இங்கே வேண்டும். லேஸ் கூடாது. பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்தது, இழுத்தால் வருவது. அடிப்பாகம் நைட்ரைல் ரப்பர், 300 டிகிரி சூட்டைத் தாங்கும் சோதனை முடித்தது. பாரிமுனைத் தெருக்களில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். முதல் இரண்டு கடையிலும் லேஸ் ஷூவையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் வார்ப்பாலை என்றதும் கேள்வி கேட்காமல் உள்ளே போய் எடுத்து வந்தார். ஜோடிக்குக் கொஞ்சம் கூடத்தான். பேன்ட்டை ஷூவுக்குள் செருகக் கூடாது, வெளியே விட வேண்டும், மேலே லெதர் லெக் கார்டு. பாலியெஸ்டர் பேன்ட் போட்டு வந்தால் கேட்டிலேயே மாற்றச் சொல்கிறோம், அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். இரண்டு செட் காட்டன் டிரில் கம்பெனியே கொடுக்கிறது.

வெயில் காலத்தில் இதையெல்லாம் போட வைப்பது பெரும் பாடு, ஒத்துக்கொள்கிறேன். கத்திரி வெயிலில் அம்பத்தூர் ஷெட்டுக்குள் லெதர் ஏப்ரனோடு நிற்பது என்னவென்று நின்று பார்த்தால்தான் தெரியும். திட்டிப் பிரயோஜனம் இல்லை. மே மாதம் ஃபர்னஸை விடிகாலை 4 மணிக்கு ஏற்றி, 9 மணிக்குள் ஊற்றி முடிக்கிறோம். உப்பு போட்ட மோர் ஒரு டிரம் நிறைய.

ஸ்க்ராப் குவியலுக்கு நாலு பக்கமும் தகரம் அடித்தாயிற்று. மழை நாளில் அடுப்பில் போடும் ஸ்க்ராப்பை முந்தின ஷிப்டே ஃபர்னஸ் மேடைக்குப் பக்கத்தில் பரப்பிக் காய வைக்கிறார்கள். மூடிய குழாய், குழியுள்ள உறை எல்லாம் ஓட்டை போட்டோ உடைத்தோதான் உள்ளே போகும். லேடிலுக்கு லைனிங் புதிதாகப் போட்டால் பர்னர் வைத்துச் சிவக்கக் காய வைத்த பிறகுதான் குழம்பு. இது மேஸ்திரியே எழுதி ஒட்டிய விதி, அவர் கையெழுத்தில்.

தூசி பற்றி ஒன்று. தீக்காயம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நாக் அவுட்டிலும் ஃபெட்லிங்கிலும் பறக்கும் சிலிக்கா தூசி தெரியாது, நுரையீரலில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் வேலை செய்யும். அதில் கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாததுதான் ஆழமாகப் போகிறது. முகத்தில் கைக்குட்டை கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. இந்தத் தூசியால் வரும் சிலிகோசிஸ், இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோயாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பாலிசியில் தொழில் நோய்களைத் தனியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கேளுங்கள். வருடம் ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்து ஃபைலில் வையுங்கள், புதிதாகச் சேர்கிறவருக்குச் சேரும்போதே எடுங்கள்.

இந்த பிப்ரவரியில் மூன்றாவது முறை புதுப்பித்தோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய 1923 சட்டம் அதற்குள் போய்விட்டது. பாலிசி வாசகத்தில் எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை ஆலோசகர் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பு இருந்தால் புதிய தொகுப்பில் சேர்கிறது. சைக்கிளிலும் பைக்கிலும் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி வருகிறவர்களை வைத்திருக்கும் எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எடுக்கலாமா என்றால், கட்டாயம் எடுங்கள். பாலிசிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை, கம்பெனி ஆபீஸுக்கு இரண்டு, ஆலோசகருக்கு ஐந்து.

ஃபெட்லிங் காண்ட்ராக்டர் ஆறு பையன்களை அனுப்புகிறார். ஆறு பேருக்கும் இ.எஸ்.ஐ. ஓடுகிறது என்று சொன்னார், நம்பர் கேட்டபோது நாலுதான் வந்தது. ஏதாவது ஆனால் முதலில் பொறுப்பு எங்களுக்குத்தான், பிறகு அவரிடம் வசூலிக்க அலைய வேண்டும். மீதி இரண்டு பேரையும் கிரைண்டர் பக்கம் விடவில்லை, அச்சு மாதிரிகள் இருக்கும் பேட்டர்ன் ரூமில் பெயின்ட் அடிக்கிறார்கள். திங்கட்கிழமை நம்பரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.